தேவையின்மைச் சான்று

அரசாங்கம் தனக்கு நல்லது செய்ய முடிவெடுத்துவிட்டது என்ற சங்கதி கொளஞ்சிக்குத் தெரியவந்தபோது அவன் முந்திரிக்கொட்டை அவித்துக்கொண்டிருந்தான்.

அண்ணாகிராமத்துக்குப் பக்கத்தில், ரோட்டை விட்டு இறங்கி நாலு தோப்பு தாண்டினால் அவனுடைய தகரக் கொட்டகை. ஊரில் அதை ஷெட் என்பார்கள். இருபது வருஷம் அடுத்தவன் ஷெட்டில் கொட்டை உடைத்து, மூட்டை தூக்கி, தோள்பட்டை இறங்கிப்போன பிறகு சொந்தமாகப் போட்டது. அவன், பெண்டாட்டி அமிர்தம், கொட்டை உடைக்க ஏழு பெண்கள். அவ்வளவுதான் கம்பெனி.

ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் பெயர் அரவிந்தன். தொழில் இலகு இயக்ககத்தின் கள ஆய்வாளர். கையில் லட்டு டப்பா வைத்திருந்தார்.

அந்த இயக்ககத்தைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தொழில் செய்கிறவர்களைச் சட்டதிட்டங்கள் பிடுங்கித் தின்கின்றன என்று அரசாங்கத்துக்கே ஒரு நாள் மனசு கேட்காமல் போய், வேண்டாத விதிகளை ஒழிக்க ஒரு துறையை உண்டாக்கியது. அதற்கு ஒரு இயக்குநர், நாலு இணை இயக்குநர், பதினாறு துணை இயக்குநர். ஒழிக்க விதி கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் இத்தனை பேருக்கும் வேலை. ஆகையால் ஒழிப்பதற்கென்றே சில விதிகளைப் புதிதாகச் செய்துகொள்ளவும் அந்தத் துறைக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள்.

"லட்டு எடுத்துக்கங்க" என்றார் அரவிந்தன். "நூத்தியெட்டு விதிய ஒரே நாள்ல ஒழிச்சிட்டோம். உங்க ஷெட்டுக்கு இனிமே லைசென்ஸே வேணாம்."

கொளஞ்சி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு லட்டை வாங்கினான். வருஷா வருஷம் அந்த லைசென்ஸைப் புதுப்பிக்க அவன் நடந்த நடைக்குக் காசிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"நெசமாவா சார்? இனிமே யாரும் வரமாட்டாங்களா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"யாரும் வரமாட்டாங்கம்மா. யாரும் வரலைங்கறத உறுதிப்படுத்திக்க நாங்க மட்டும் மாசத்துக்கு ரெண்டு தடவ வருவோம்."

சொல்லிக்கொண்டே ஷெட்டைச் சுற்றிப் பார்த்தவரின் கண் சுவரில் போய் நின்றது. அங்கே முருகன் படம், மாரியம்மன் படம், அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு லைசென்ஸ். ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் அடுப்புக்கும் பொட்டு வைக்கும்போது கொளஞ்சி அதற்கும் வைப்பான். முதல் வருஷம் கண்ணாடி போடுவதற்கு முன்னாலேயே ஆயுத பூஜை வந்துவிட்டது. அதனால் காகிதத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான். முத்திரை மேல் ஒன்று, அதிகாரி கையெழுத்து மேல் ஒன்று. சாமிக்கு அடுத்தபடி சோறு போடுவது அதுதான் என்பது அவன் நினைப்பு.

"அது என்ன?"

"லைசென்ஸ் சார்."

அரவிந்தன் லட்டு டப்பாவை மூடி, ஜீப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது முகம் வேறாக இருந்தது.

"நடைமுறைல இல்லாத உரிமத்தக் காட்சிக்கு வெச்சிருக்கீங்க. இதப் பாக்கறவன் என்னா நெனைப்பான்? லைசென்ஸ் வேணும் போலருக்குன்னு நெனைப்பான். அரசாங்கம் எதையும் ஒழிக்கலன்னு நெனைப்பான். இலகுச் சட்டம் பிரிவு பதினாலு. சிக்கல் இருப்பதாகப் பொதுமக்களிடம் தோற்றம் உண்டாக்குதல்."

"கழட்டிடறேன் சார்."

"கழட்டினா சாட்சியத்த அழிச்சதாவும். பிரிவு பதினஞ்சு."

"அப்ப மாட்டியே இருக்கட்டுங்களா?"

"மாட்டியிருந்தா பதினாலு."

கொளஞ்சி எட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அரவிந்தன் எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டு, அரக்கு வைத்து, பூட்டின் மேல் ஒரு பச்சைத் தாளை ஒட்டினார். 'இந்த வளாகம் எளிமையாக்கப்பட்டுள்ளது' என்று அதில் அச்சடித்திருந்தது.

அமிர்தம் ஓடிவந்து பூட்டைப் பிடித்துக்கொண்டாள். "சார், உள்ள பதினெட்டு மூட்ட அவிச்ச கொட்ட கெடக்கு. நாலு நாள்ல ஒடைக்கணும். பத்து நாள் மூட்டையில கெடந்தா பூசணம் பூத்துப் பருப்பு கறுத்துடும் சார். எங்க ஒரு வருஷத்துச் சோறு சார் அது."

"பத்து நாள் எதுக்கும்மா? இப்ப எல்லாமே ஈஸி. ஒரு தேவையின்மைச் சான்று வாங்கிட்டு வந்தா ஒடனே தொறந்துடுவேன்."

"அப்டின்னா என்னா சார்?" என்றான் கொளஞ்சி.

"உங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லைங்கறதுக்கு ஒரு லைசென்ஸ்."

ஜீப் போனது. உடைக்கிற பெண்களில் மூத்தவளான குப்பு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தப் புழுதியையே பார்த்தாள். "லட்டு மொதலாளிக்கு மட்டுந்தான் குடுத்தான். பூட்ட எங்க எல்லாத்துக்கும் சேத்துப் போட்டுட்டான்" என்றாள்.

மறுநாள் கொளஞ்சி கடலூருக்குப் புறப்பட்டான். துணைக்கு அமிர்தத்தின் தம்பி ராஜாமணி வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது.

மஞ்சக்குப்பத்தில் இயக்ககத்தின் கட்டிடத்தில் ஒரு பெரிய கூடம். முன்னாளில் அதில் பதினொரு கவுண்டர்கள். ஒற்றைச் சாளரத் திட்டம் வந்தபோது பத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பதினொன்றுக்கும் வந்த கூட்டம் ஒன்றுக்கு முன்னால் நின்றது. அதில் பாதிப்பேர், பழக்கதோஷத்தில், அடைத்த சுவர்களைப் பார்த்தபடி வரிசையில் நின்றிருந்தார்கள்.

"மாமா, அந்தச் செவுத்து லைன் வேகமா நவுருது, அதுல போலாமா?" என்றான் ராஜாமணி.

மூன்று மணிக்குச் சாளரம் கிடைத்தது. உள்ளே இருந்த திலகவதி என்ற பெண் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியவளாக இருந்தாள்.

"விண்ணப்பம் ஒரே பக்கந்தாங்கய்யா. முன்னாடி நாலு பக்கம் இருந்துச்சு, சுருக்கிட்டாங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தாள். கூடவே ஒரு புத்தகத்தையும் கொடுத்தாள்.

"இது என்னாம்மா?"

"அந்த ஒரு பக்கத்த எப்டி நெரப்பறதுங்கற வழிகாட்டி. அறுவத்திரெண்டு பக்கம்."

கொளஞ்சிக்குப் படிக்கத் தெரியும். மெதுவாக, விரலை ஓட்டிக்கொண்டு, உதடு அசையப் படிப்பான். கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பதினொரு பக்கம் படித்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஒழிக்கப்பட்ட நூற்றெட்டு விதிகளும் தனக்குப் பொருந்தாது என்று விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். பெரும்பாலானதற்கு அவனே டிக் அடித்துவிடலாம். இரண்டுக்கு மட்டும் கடிதம் வேண்டும். ஒன்று, அவன் கப்பல் உடைக்கும் தொழில் செய்யவில்லை என்று இயக்ககத்தின் கடல்சார் பிரிவிலிருந்து. இன்னொன்று, அவன் ஷெட் கடல் பொங்கி ஏறும் ஓதத்தில் மூழ்குவதில்லை என்று கிள்ளையில் இருக்கும் கரையோரப் பிரிவிலிருந்து.

தாளை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "நான் ஒடைக்கறது கொட்டம்மா" என்றான் திலகவதியிடம்.

"தெரியுதுங்கய்யா. ஆனா விண்ணப்பத்துல நீங்க 'உடைக்கும் தொழில்'னு எழுதியிருக்கீங்க. உடைக்கும் தொழில்னு போட்டா கம்ப்யூட்டர் கப்பலத்தான் காட்டும். வேற எதுவும் அதுக்குச் சொல்லித்தரல."

கடல்சார் பிரிவு துறைமுகத்துப் பக்கம் இருந்தது. அங்கிருந்தவர் கொளஞ்சியை ஏற இறங்கப் பார்த்தார். கப்பல் உடைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். கொளஞ்சியிடம் ஒன்றும் இல்லை. கடைசியில், இந்த மாவட்டத்தில் சென்ற பத்து வருஷத்தில் காணாமல் போன கப்பல் ஏதாவது உண்டா என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துவிட்டு, எதுவும் காணாமல் போகவில்லை என்று தெரிந்ததும் மனசில்லா மனசோடு கடிதம் கொடுத்தார். அதற்கு ஒரு நாள் முழுசாகப் போனது.

கிள்ளையில் இரண்டு நாள். ஓதம் ஏறும் நேரத்தில் ஷெட்டின் வாசலைப் படம் பிடித்துக் கொண்டுவா என்றார்கள். கடல் அந்த ஷெட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ராஜாமணி பஸ் ஏறித் திரும்பிப் போய், கிள்ளையிலிருந்து கொளஞ்சி போன் செய்து "இப்ப ஏறுதுடா மச்சான், இப்ப எடு" என்று சொல்லச் சொல்ல, பூட்டிய கதவை எட்டுப் படம் எடுத்து அனுப்பினான். வாசலில் புழுதியும் ஒரு கோழியும் இருந்தன. அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கோழி நனைஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"எதுக்கும் கோழியோட வலது பக்கத்தையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க."

அஞ்சாம் நாள் காலையில் கொளஞ்சி எழுந்ததும் ஷெட்டுக்குப் போனான். இரண்டு தகரம் சேரும் இடத்தில் விரல் நுழைகிற மாதிரி ஒரு சந்து. அதில் மூக்கை வைத்து மோந்து பார்த்தான். அவித்த கொட்டைக்கு ஒரு வாசனை உண்டு. அது இன்னும் இருந்தது. அதுக்கு அடியில் வேறு ஒன்று, ஈரச் சாக்கை மடித்துவைத்தால் வருமே, அதுவும் லேசாக இருந்தது.

"என்னா மாமா?" என்றாள் அமிர்தம் பின்னாலிருந்து.

"ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவளும் வந்து மூக்கை வைத்தாள்.

அன்றைக்கு இரண்டு கடிதத்தோடும் பொட்டு வைத்த லைசென்ஸோடும் சாளரத்துக்கு முன்னால் நின்றான். ரத்தான உரிமத்தை ஒப்படைக்க வேண்டும் என்பதால் பூட்டுப் போடும் முன்பே அரவிந்தனே அதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்திருந்தார். திலகவதி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"முத்திரை தெரியலையேங்கய்யா. அரசு ஆவணத்த சேதப்படுத்தினதாப் போட்டுடுவாங்களே."

"சேதம் பண்ணலம்மா, சாமி கும்புட்டோம்."

அவள் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு முந்தானை நுனியை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குங்குமத்தை மெல்லத் துடைத்து எடுத்தாள். முத்திரையில் பாதி தெரிந்தது. "போதும், சமாளிச்சுக்கலாம்" என்றாள். அந்த அலுவலகத்தில் நடந்த ஒரே சட்டவிரோதமான காரியம் அதுதான். நடந்த ஒரே நல்ல காரியமும் அதுதான்.

"இனிமே ஒண்ணுமில்ல. 'ஒரு விரல் போதும்' திட்டம். இதுல வெரல வெச்சீங்கன்னா முடிஞ்சுது."

கொளஞ்சி அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் வலது கட்டைவிரலை வைத்தான். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது: "மன்னிக்கவும். நீங்கள் இல்லை. மீண்டும் முயற்சிக்கவும்."

கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தான். நீங்கள் இல்லை. இடது கை. நீங்கள் இல்லை. ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்தான். பத்து விரலுக்கும் அவன் இல்லை.

முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்டால் தோல் பொசுங்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். இருந்தாலும் வருஷக்கணக்கில் விரல் நுனி பொசுங்கி உரிந்து, உரிந்து பொசுங்கி, ரேகை எல்லாம் போய், புளியங்கொட்டை மாதிரி வழவழப்பாகிவிடும். அண்ணாகிராமத்துப் பக்கம் கொட்டை உடைக்கிற யார் கையைப் பார்த்தாலும் இப்படித்தான்.

"நீ இல்லன்னு கவர்மெண்டே சொல்லிட்டுது மாமா" என்றான் ராஜாமணி. "அக்கா காதுல வுழுந்தா பொட்ட அழிச்சிடப் போவுது."

"சும்மா இருடா." கொளஞ்சி சாளரத்துக்குள் குனிந்தான். "அம்மா, நான் கையெழுத்துப் போடறேன். எனக்கு எழுதத் தெரியும்."

அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. இருபத்தேழு வயசில், பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு, அறிவொளி வகுப்பில் சின்னப் பிள்ளைகளின் சிலேட்டை வாங்கிக் கற்றுக்கொண்டது. அவன் பேரின் முதல் எழுத்துக்கே ஒரு மாசம் ஆனது. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு எழுத்து. அதை முதன்முதலாகத் தப்பில்லாமல் போட்ட அன்று கூலியில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

"கையெழுத்த ஒழிச்சாச்சுங்கய்யா" என்றாள் திலகவதி. "இந்த நூத்தியெட்டுல அது எழுவத்தொண்ணாவது."

"அப்ப மை தடவிக் கைநாட்டு வெக்கட்டா?"

"அது எழுவது."

அடுத்த நாள் அமிர்தத்தைக் கூட்டி வந்து அவள் விரலை வைத்துப் பார்த்தார்கள். அவளும் இல்லை. "ஏம்மா, நான் இல்லாமத்தான் மூணு புள்ள பெத்தேனா?" என்று அவள் பெட்டியைப் பார்த்துக் கேட்டாள். மீண்டும் முயற்சிக்கவும் என்றது பெட்டி.

திலகவதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாளரந்தாங்கய்யா இங்க இருக்கு. முடிவெடுக்கறவரு சிதம்பரத்துல இருக்காரு. மணவாளன் சார்னு எளிமையாக்கல் சிறப்பு அலுவலர். நாளன்னிக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சிருக்காங்க. போயி நேர்ல சொல்லுங்க."

எட்டாம் நாள் சிதம்பரம். தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துப் பூவளைவைக் கழற்றாமல், அதற்குக் கீழேயே 'மேம்பட்ட சட்டம், மேம்பட்ட வாழ்வு' என்று பேனர் கட்டியிருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் மணவாளன் உட்கார்ந்திருந்தார். நல்ல நிறம், நல்ல குரல், எதிலும் சந்தேகம் இல்லாத முகம். எழுந்து பேசினார்.

"பெரியோர்களே! முன்பு இந்த மாவட்டத்தில் ஒரு தொழில் தொடங்க முப்பது நாள் ஆனது. அந்த முப்பது நாளை நாம் முற்றிலும் ஒழித்துவிட்டோம். இப்போது எத்தனை நாள் ஆகும் என்று என்னாலேயே சொல்ல முடியாது."

கை தட்டினார்கள். கருத்துச் சொல்ல வந்தவர்களுக்கு வாசலிலேயே பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்திருந்தார்கள்.

"முன்பெல்லாம் சட்டம், படித்தவர்களுக்குப் புரிந்தது, பாமரர்களுக்குப் புரியவில்லை. இது அநீதி இல்லையா? அந்த ஏற்றத்தாழ்வைப் போக்கிவிட்டோம். புதிய சட்டத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். நானும் உங்களில் ஒருவனாகிவிட்டேன்."

மறுபடி தட்டினார்கள்.

"சட்டம் இயற்றும் முன் மக்களிடம் கருத்துக் கேட்டால் குழப்பம் வருகிறது. ஆகவே இயற்றிய பின் கேட்கிறோம். இன்று நீங்கள் சொல்லப்போகும் கருத்துகள் அனைத்தும் சென்ற மாதமே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். இன்னொரு புள்ளிவிவரம். இங்கே ஒரு சிறு தொழிலுக்குச் சராசரியாக நாற்பத்தேழு விதிகள் இருந்தன. இப்போது பன்னிரண்டுதான். எப்படிச் சாதித்தோம்? மூடிய தொழில்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். மூடிய தொழிலுக்கு விதி கிடையாது அல்லவா? சராசரி தானாக இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் பேர் ஒத்துழைத்தால் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடலாம்."

கொளஞ்சிக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். அதில் முதல் நிமிஷம் நன்றி தெரிவிக்க. நன்றியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டு அவன் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, எட்டு நாளா என் ஷெட்டு பூட்டிக் கெடக்கு. உள்ள பதினெட்டு மூட்ட அவிச்ச கொட்ட. ஏழு பொம்பளைங்க வேல இல்லாம குந்தியிருக்காங்க. என் கையில ரேக இல்லீங்க. கொட்ட ஒடைச்சுதான் போச்சு. ரேக இல்லாததுனால கொட்ட ஒடைக்கக் கூடாதுங்கறாங்க. இன்னும் ரெண்டு நாள் போனா எல்லாம் கறுத்துடும். பூட்ட மட்டும் தொறந்து குடுங்கய்யா. அப்பறம் எந்தச் சான்று வேணுமோ நான் நடந்து வாங்கறேன்."

மணவாளன் அன்பாகச் சிரித்தார்.

"ஐயா சொன்னது கருத்து அல்ல, குறை. குறைகளுக்கு வேறு கூட்டம் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ரேகை இல்லாதவர்களை நாம் இதுவரை எளிமையாக்காமல் விட்டுவிட்டோம். அவர்களுக்கென்று தனியாக ஒரு விதி செய்வோம். இன்றே குழு அமைக்கிறேன். பதினெட்டு மாதத்தில் அறிக்கை வரும். வந்ததும் அந்த விதியையும் ஒழிப்போம்."

தட்டின சத்தத்தில் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் மணவாளனே கொளஞ்சியைத் தேடி வந்தார். உள்ளபடியே இரக்கப்படுகிற ஆள்தான் அவர். தோளில் கை போட்டார்.

"பூட்டு தொறக்கறதுதானே உங்களுக்கு வேணும்?"

"ஆமாங்கய்யா."

"தொழில நிறுத்திட்டதாப் பதிவு பண்ணிடுங்க. தொழிலே இல்லாத எடத்துல எங்க பூட்டு இருக்கறது சட்டப்படி தப்பு. தன்னால எடுத்துடுவாங்க. அப்பறம் மெதுவா, முறைப்படி, மறுபடி தொடங்கிக்கங்க."

பஸ்ஸில் திரும்பும்போது ராஜாமணி வழியெல்லாம் வேண்டாம் என்றான். "மாமா, பேர அழிச்சிட்டா மறுபடி எப்டி ஏத்துவ? உனக்குத்தான் வெரலே இல்லங்கறானே."

"கொட்ட உள்ள கெடக்குதுடா."

"கொட்ட போனா போவுது."

"போனா போவுதுன்னு நீ சொல்லுவ. குப்புவும் மத்தவங்களும் தெனம் காலைல வந்து அந்தப் பூட்டப் பாத்துட்டுப் போறாங்க. பாதி மூட்டையாவது தேறும். இந்த வருஷத்த ஓட்டிடுவோம்."

மறுநாள் காலையில் சாளரத்துக்கு முன்னால் போய், தொழிலை நிறுத்த வேண்டும் என்று சொன்னான். திலகவதி தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"நல்லா யோசிச்சீங்களாங்கய்யா?"

"வெரலு வெக்கணுமாம்மா?"

"இதுக்கு வேணாம். நிறுத்தறதுக்கு யாரா இருந்தாலும் சரி. இல்லாதவங்ககூட நிறுத்தலாம்."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். உறுதியா என்று திரை கேட்டது. ஆம் என்று தட்டினாள். கடிதம் இல்லை, கப்பல் இல்லை, கோழி இல்லை. நாற்பது வினாடி. திரையில் பூ பூவாகக் கொட்டி, 'தங்கள் சேவையில் மகிழ்ச்சி' என்று எழுத்து வந்தது.

"எவ்ளோ ஈஸியாப் போச்சு பாத்தியா மாமா" என்றான் ராஜாமணி. அவனுக்கே அதில் சிரிப்பு வரவில்லை.

பூட்டை எடுக்க அரவிந்தன் வருவதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. அவர் ஜீப் வேறொரு ஊரில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. வந்தவர் அரக்கை உடைத்து, பச்சைத் தாளைப் பத்திரமாகப் பிரித்து, பைலில் வைத்துக்கொண்டு போனார்.

கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் குப்பு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கொளஞ்சி முதல் மூட்டையைப் பிரித்தான். சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்த மாதிரி பூசணம். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து உடைத்தான். பருப்பு கறுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. இரண்டாவது மூட்டை. மூன்றாவது. பதினெட்டையும் பிரித்தான். ஏழாவது மூட்டைக்கு மேல் அமிர்தம் பார்க்கவில்லை. வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு படி தேறாதா மாமா?" என்று உள்ளே பார்க்காமலே கேட்டாள்.

"ஒரு படி தேறும்" என்றான். தேறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பண்ருட்டிப் பக்கத்துப் பெரிய கம்பெனி வேன் ரோட்டில் வந்து நின்றது. அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸும் வேண்டாம், சான்றும் வேண்டாம். அதன் வக்கீல் தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இருந்தது. ஏழு பெண்களும் வேனில் ஏறினார்கள். எட்டாவதாக அமிர்தம் ஏறினாள். முன்னால் கொளஞ்சி கொடுத்த கூலியில் பாதிதான் அங்கே. கொளஞ்சியும் ஏறினான். அவன் தோளைப் பார்த்துவிட்டு, வேண்டாம் பெரியவரே என்று இறக்கிவிட்டார்கள்.

மூன்று மாசம் கழித்து, ஒரு சாயங்காலம், ஷெட்டுக்கு முன்னால் அஞ்சு கார் வந்து நின்றது. ஏதோ வடக்கத்தி மாநிலத்திலிருந்து அதிகாரிகள். எளிமையாக்கலை நேரில் கண்டுபோக வந்திருந்தார்கள். மணவாளன் முன்னால் நடந்தார். வெறும் ஷெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். கொளஞ்சி திறந்தான். பெருக்கித் துடைத்த தரை, காலி அடுப்பு, சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வந்தவர்கள் கோயிலுக்குள் வந்த மாதிரி அண்ணாந்து பார்த்தார்கள்.

"சொல்லுங்கய்யா" என்றார் மணவாளன். "முன்னாடி உங்களுக்கு எத்தன விதி இருந்துச்சு?"

"நெறைய இருந்துச்சுங்க."

"இப்ப எத்தன இருக்கு?"

கொளஞ்சி யோசித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"ஒண்ணும் இல்லீங்க."

மணவாளன் அதை இங்கிலீஷில் சொன்னார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சைபரா, சைபரா என்று அவர்கள் கேட்பதும் இவர் ஆமாம் ஆமாம் என்பதுமாகக் கொஞ்ச நேரம் நடந்தது. ஒருவர் கொளஞ்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழவழப்பாக இருக்கவே கையைத் திருப்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வேன் ரோட்டில் நின்று பெண்கள் இறங்கி வந்தார்கள். முகமெல்லாம் சாம்பல். தொழிலாளர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று விருந்தாளிகள் விரும்பினார்கள். மணவாளன் முன்னால் வந்த அமிர்தத்தை நிறுத்தினார்.

"இந்த எளிமையாக்கலால உங்களுக்கு என்னம்மா மாற்றம்?"

அமிர்தம் கார்களைப் பார்த்தாள். திறந்து கிடந்த ஷெட்டைப் பார்த்தாள். வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"முன்ன வூட்டுலேந்து இங்க நடந்து வருவோம் சார்" என்றாள். "இப்ப வேன்ல போறோம்."

மணவாளன் பேனாவைத் திறந்து, குறிப்பேட்டில் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டார்: 'பெண் தொழிலாளர்களுக்குப் போக்குவரத்து வசதி ஏற்படுத்தப்பட்டுள்ளது.'